சீப்பை எடுத்தாலே நாய்க்குட்டி கடிக்க வருகிறதே, ஏன்?

பாதம், காது, வாய், வால் என எங்கே தொட்டாலும் மிரளாமல் நிற்கக் குட்டியைப் பழக்குவதுதான் தொடுபயிற்சி. சீவிவிடுவதும் 'உட்கார்', 'இரு' என்று கற்றுக்கொடுப்பதும் இதோடு சேர்ந்தே நடக்கும்.

பிடித்து அமுக்கினால் தப்பிக்க வழியில்லை என்று குட்டி பயந்துவிடுகிறது. ஆனாலும் எடுத்தவுடன் கடிக்காது. உதட்டை நக்கும், தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும். "போதும், விடு" என்று அது சொல்லும் விதம் இது. அப்போதே கையை எடுத்துவிடுங்கள்.

முடிவெட்டும் கடைக்கு முதல்முறை போகும் குழந்தைக்கு மெஷின் சத்தத்தைத் தள்ளி நின்று கேட்கவிட்டால் அழாமல் உட்காருமே, குட்டியைப் பழக்குவதும் அப்படித்தான். முதலில் சீப்பை முகரட்டும். பிறகு ஒரே ஒரு சீவல், உடனே ஒரு சின்னத் துண்டு வேகவைத்த கோழி. பிறந்த 3 வாரத்திலிருந்து ஏறக்குறைய 14 வாரம் வரை புதியவற்றை எளிதாக ஏற்கும் பருவம். தினமும் இரண்டு நிமிடம் போதும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென ஒரு காதை மட்டும் தொடவிடவில்லையா? அங்கே வலி இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

உறுமுவதைத் திமிர் என்று நினைத்துப் பலர் அடிக்கிறார்கள். அது குட்டி தரும் எச்சரிக்கை, அடித்து நிறுத்தினால் பயம் அப்படியே இருக்கும், அடுத்த முறை உறுமாமலே கடித்துவிடும்.