லீட்டா ஹொலிங்வர்த்: கேட்டவையும் சொன்னவையும்

ஹட்டன், ஏ.எல். மாணவி: அக்கா, இவர் யார்?
பெண்களின் உளவியலை முதலில் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர், தங்கச்சி. 1886இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பிறந்து டீச்சரானார். 1908இல் நியூயோர்க் போய்க் கல்யாணம் முடித்தால், அன்று அங்கே கல்யாணமான பெண்ணுக்குப் பள்ளிக்கூட வேலை கிடையாது. சமையல், தையல் என்று வீட்டிலேயே இருந்தார். அந்த எரிச்சல்தான் பிறகு ஆய்வானது என்பது என் எண்ணம்.

தலவாக்கலை: அப்போ படிக்கக் காசு?
கொக்கா கோலா! அந்தக் கம்பனியின் ஒரு வழக்குக்காக, 1911இல் அந்தப் பானத்திலுள்ள கஃபீனை (தூக்கத்தை விரட்டும் பொருள்) ஆராயும் வேலை கணவர் ஹரிக்குக் கிடைத்தது. சோதனைகளை முன்னின்று நடத்தியவர் லீட்டா. அந்தப் பணத்தில்தான் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். (நம்ம பிளேன்டீயில் இருப்பதும் அதே கஃபீன்தான்.)

பொகவந்தலாவை, டீச்சர்: என்னதான் கண்டுபிடித்தார்?
மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் புத்தி மங்கும், கை தடுமாறும் என்று டாக்டர்மாரே எழுதிய காலம் அது, டீச்சர். லீட்டா வாதாடவில்லை, அளந்தார். 23 பெண்கள், ஒப்பிட 2 ஆண்கள். நடுங்காமல் கம்பியைத் துவாரத்தில் பிடிப்பது, வேகமாகத் தட்டுவது, எதிர்ச்சொல் சொல்வது எல்லாம் சோதித்தார். எந்த நாளிலும் திறமை குறையவில்லை. 1914இல் அது வெளியானது; 1916இல் கலாநிதிப் பட்டம்.

அப்புறம், ஆளுக்காள் வித்தியாசம் பெண்களைவிட ஆண்களிடம் அதிகம், அதனால்தான் மேதைகள் ஆண்கள் என்றொரு கொள்கை இருந்தது. ஹெலன் மொன்டேக் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து, பிறந்த குழந்தைகளில் ஆண் 1,000, பெண் 1,000 என உடல் அளவுகளைப் பார்த்தார். அப்படியொன்றும் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவருடைய பேராசிரியர் தோர்ன்டைக்கே அந்தக் கொள்கைக்காரர்!

பண்டாரவளை: பெண்களைப் பற்றி மட்டும்தானா?
இல்லை. பிறகு அதிதிறமையுள்ள பிள்ளைகள் பக்கம் போனார்; 1926இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். 1939இல், 53 வயதில், புற்றுநோயில் காலமானார்.

மஸ்கெலியா: மாதவிலக்கு நாட்களில் பறிக்கும் தேயிலைக் கொழுந்து நிறை குறையுது என்கிறார் அம்மா. அப்போ ஆய்வு பொய்யா?
பொய் இல்லை, தம்பி. அவர் அளந்தது புத்தியையும் கைத்திறனையும். வலியே இல்லை என்று சொல்லவில்லை. கூடையோடு மலையேறி, பக்கத்தில் மலசலகூடம் இல்லாத சரிவில் நாள் முழுக்க நிற்பது வேறு சங்கதி. அதற்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) போட்டுவிட்டு, "பொம்பளைங்கன்னா அப்படித்தான்" என்று கங்காணி சொன்னால் நம்பாதீர்கள். வலி எந்த நாள், எவ்வளவு என்று அம்மாவை இரண்டு மாதம் கலண்டரில் குறிக்கச் சொல்லுங்கள். தாங்க முடியாத வலியென்றால் அந்தக் கலண்டரையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.