முதலில் அந்த நாற்காலியின் சக்கரத்தைப் பாருங்கள்

கேள்வி: இரண்டு வருடமாக, ரேஸ் கேம் ஓட்டுவதற்கான லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் வீல் வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அசெட்டோ கோர்சா காம்பெடிசியோனே என்ற கார் ரேஸ் கேம் மட்டும்தான் ஓட்டுகிறேன், அதுவும் ஜிடி3 ரகப் பந்தயக் கார்கள்தான். வீலை மேஜையில் கிளாம்ப் போட்டு மாட்டியிருக்கிறேன், உட்காருவது ஆபீஸ் நாற்காலியில். மோன்சா டிராக்கில் ஒரு லேப், அதாவது ஒரு சுற்று, 1:50-க்குக் (1 நிமிடம் 50 செகண்ட்) கீழே இறங்க முடியவில்லை. நண்பன் 1:48 ஓட்டுகிறான், அவனிடம் இருப்பது டைரக்ட் டிரைவ், அதாவது மோட்டாரோடு நேராக இணைந்த வீல். "அந்தப் பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு 8 நியூட்டன் மீட்டர் வாங்கு, இரண்டு செகண்ட் தானாக வரும்" என்கிறான். பணமும் சேர்த்துவிட்டேன். வாங்கலாமா? வாங்கினால் 5-ஆ, 8-ஆ? பழையதை விற்றுவிடவா?

பதில்: உங்கள் கடிதத்தில் நியூட்டன் மீட்டரை (வீலின் திருப்பு விசையை அளக்கும் அலகு) எல்லாம் தாண்டி வந்து நான் திரும்பப் படித்த இடம் அந்த ஆபீஸ் நாற்காலிதான். அதற்குச் சக்கரம் இருக்கிறதா? இருந்தால், மோன்சாவின் நேர்ப்பாதை முடிந்து முதல் சிக்கேன் என்ற இரட்டை வளைவுக்காகப் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது நாற்காலி பின்னால் நகர்கிறதா? நகர்கிறது என்றால், அப்படி நகராமல் இருக்க நீங்கள் உங்களை அறியாமலே கொஞ்சம் மெதுவாக மிதிக்கப் பழகியிருப்பீர்கள். உங்கள் இரண்டு செகண்டில் பெரும்பகுதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பது என் ஊகம்.

ஏன் அப்படி ஊகிக்கிறேன் என்றால், ஜி29-இன் பிரேக் பெடலுக்குள் ஸ்பிரிங்கோடு ஒரு ரப்பர் கட்டையும் இருக்கிறது. பாதி தூரம் வரை பெடல் லேசாகப் போகும், அதற்குப் பிறகு ரப்பரில் முட்டி இறுகிவிடும். நிஜ பிரேக் மாதிரி இருக்கட்டும் என்று வைத்தது, ஆனால் அந்த ரப்பரை அமுக்கி 100 சதவீதம் தொட நல்ல பலம் வேண்டும். சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அந்தப் பலத்தை எங்கிருந்து கொடுப்பது? இன்று ஓட்டும்போது திரையின் மூலையில் பெடல் கோடுகளைக் கவனியுங்கள், அல்லது ஓட்டி முடித்து ரீப்ளே போட்டுப் பாருங்கள். பிரேக் கோடு எழுபது எண்பதிலேயே நின்றுவிட்டால், நீங்கள் இரண்டு வருடமாக முக்கால் பிரேக்கில்தான் ரேஸ் ஓட்டியிருக்கிறீர்கள். மோன்சாவில் முதல் சிக்கேன், ரோஜ்ஜா, அஸ்காரி, பரபோலிகா என்று ஓங்கிப் பிரேக் அடிக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை, ஒவ்வொரு இடத்திலும் சில மீட்டர் முன்னாலேயே பிரேக் பிடிக்க வேண்டியிருந்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சரிசெய்யக் காசு வேண்டாம். நாற்காலியின் சக்கரம் ஒவ்வொன்றையும் ஒரு பழைய ஷூவுக்குள் இறக்கிவிடுங்கள். சிரிக்காதீர்கள், சிம் ரேசிங் ஆட்கள் பல காலமாகச் செய்கிற காரியம் இது. ஷூ இல்லையென்றால் நாற்காலிக் காலிலிருந்து பெடல் பலகைக்கு ஒரு கயிறு கட்டிவிடுங்கள், நீங்கள் மிதிக்க மிதிக்கக் கயிறுதான் இறுகும். பெடல் பலகை முன்னால் நழுவுகிறது என்றால் அதைச் சுவரோடு முட்டுக் கொடுத்து வையுங்கள். அதன்பிறகும் கோடு உச்சிக்குப் போகவில்லை என்றால் லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில் பெடல் சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். கோடு தானாகத் துடிக்கிறது, காலை எடுத்த பின்னும் பூஜ்யத்துக்கு வராமல் ஊசலாடுகிறது என்றால் அது வேறு கதை. பெடல் நகர்வதை அளக்க உள்ளே இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரில் தூசி சேர்ந்திருக்கும், கழற்றிச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சரி, நண்பன் விஷயத்துக்கு வருவோம். அவனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் ஜி29-இல், அதே காரில், அதே மோன்சாவில் ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். முதல் பத்து லேப் திட்டிக்கொண்டே ஓட்டுவான், அதை விட்டுவிடுங்கள். அதற்கப்புறம் அவன் 1:48-ஐ ஒட்டி வந்துவிட்டான் என்றால் அந்த இரண்டு செகண்ட் அவனுடையது, வீலுடையது அல்ல. அவனும் உங்கள் மாதிரியே 1:50-இல் மாட்டிக்கொண்டால், உங்கள் மேஜையும் நாற்காலியும் பெடலும் எவ்வளவு தின்கின்றன என்று தெரிந்துவிடும். முடிந்தால் நீங்களும் அவன் வீட்டில் ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள், ஆனால் அங்கே போனதும் அந்த வீலின் கனத்தில் மயங்கிவிடாமல் நேரத்தை மட்டும் பாருங்கள். இதைவிட நேர்மையான சோதனை எனக்குத் தெரியாது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஜி29 மாதிரிப் பல்சக்கரம் வைத்த கியர் வீலிலிருந்து நேராக ஒரு டைரக்ட் டிரைவுக்குத் தாவியவன்தான். பெட்டியைப் பிரித்த அன்றே, எழுதுகிற மேஜையில் கிளாம்ப் போட்டு மாட்டினேன். முதல் வளைவிலேயே மேஜை என்னோடு சேர்ந்து திரும்பியது. மானிட்டரும் அதே மேஜையில்தான், ஆகவே டிராக் ஓரத்துத் திட்டான கெர்ப் மேல் ஏறும்போதெல்லாம் மொத்த ரேஸ் டிராக்கும் என் கண்முன்னால் ஆடியது. பேனா ஸ்டாண்ட் மூன்று தடவை கீழே விழுந்தது. கடைசியில் விசையைப் பாதிக்கும் கீழே குறைத்து, அதாவது பழைய வீலின் அளவுக்கே கொண்டுவந்து, இரண்டு மாதம் அப்படியே ஓட்டினேன். நேரம் அரை செகண்ட்கூட மாறவில்லை. பிறகு ஒரு இரும்பு ஸ்டாண்டும் லோட் செல் பெடலும் வாங்கினேன். நான் முன்னேறியது அந்தப் பெடல் வந்தபோதுதான். வேகமான லேப் ஒன்றும் பிரமாதமாக மாறவில்லை, ஆனால் இருபது லேப் ஓட்டினால் இருபதும் ஒன்றுக்கொன்று பக்கத்தில் வர ஆரம்பித்தன.

லோட் செல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். உங்கள் பெடல் அளப்பது தூரத்தை, கால் எவ்வளவு கீழே போனது என்பதை. லோட் செல் அளப்பது அழுத்தத்தை, எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்பதை. நம் காலுக்குத் தூரத்தை நினைவில் வைப்பதைவிட அழுத்தத்தை நினைவில் வைப்பது சுலபம், நிஜக் காரில் நாம் பிரேக் பிடிப்பதும் அப்படித்தான். வளைவுக்குள் திரும்பிக்கொண்டே பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற டிரெயில் பிரேக்கிங் இருக்கிறதே, அது தூரம் அளக்கும் பெடலில் எனக்குக் குருட்டாம்போக்காகத்தான் வந்தது. ஆனால் லோட் செல் பெடலையும் அந்தச் சக்கரம் வைத்த நாற்காலியோடு வைத்து வாங்கிவிடாதீர்கள், அது இன்னும் பலமாக மிதிக்கச் சொல்லும், நீங்கள் அறையின் மறுமூலைக்கே போய்விடுவீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு டைரக்ட் டிரைவ் வெறும் பகட்டு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அது நல்ல சரக்கு. ஜி29-இல் மோட்டாரின் பலம் பல்சக்கரங்கள் வழியாக உங்கள் கைக்கு வருகிறது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருப்பதால்தான் நேராகப் போகும்போது நடுவில் கொஞ்சம் செத்த மாதிரியும், கெர்ப்பில் ஏறினால் கடகட என்றும் இருக்கிறது. பெல்ட் வீல்களில் அந்தச் சத்தம் இல்லை, வழவழவென்று இருக்கும், ஆனால் நுணுக்கமான அதிர்வுகளைப் பெல்ட் விழுங்கிவிடும். டைரக்ட் டிரைவில் வீல் நேராக மோட்டாரின் தண்டிலேயே உட்கார்ந்திருக்கிறது, நடுவில் தரகர் யாரும் இல்லை. காரின் பின்பக்கம் வழுக்க ஆரம்பிக்கும்போது வீல் தானாகவே எதிர்ப்பக்கம் சட்டென்று திரும்பும் பாருங்கள், அந்த வேகத்தில்தான் உண்மையான வித்தியாசம். கியர் வீலில் அந்தச் செய்தி உங்கள் கைக்கு வருவதற்குள் கார் பாதி சுற்றியிருக்கும். ஆகவே நீங்கள் அடிக்கடி சுழன்று வெளியே போகிறவர் என்றால் என் பதில் கொஞ்சம் மாறும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பது அதைப் பற்றி இல்லை, நேரத்தைப் பற்றி.

இருக்கிற வீலிலேயே இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. ஜி29 அதிகபட்சம் இரண்டு நியூட்டன் மீட்டர் சொச்சம்தான் தரும். பலம் போதவில்லை என்று பலர் கேமில் விசையின் அளவை மாற்றும் கெயினை ஏற்றி வைத்துவிடுகிறார்கள், நீங்களும் ஏற்றியிருப்பீர்கள். அப்போது வேகமான வளைவில் கேம் கேட்கிற விசை மோட்டாரால் முடிகிற அளவைத் தாண்டிவிடும், தாண்டிய பகுதியெல்லாம் ஒரே கனமாக வரும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். இதில் நஷ்டம் என்னவென்றால், முன் டயர் பிடியை இழக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் வீல் லேசாக வேண்டும், அதுதான் 'போதும், இதற்குமேல் திருப்பாதே' என்று கார் சொல்லும் இடம். கிளிப் ஆகிற வீலில் அந்த இடம் வந்து போனதே தெரியாது. பெடல் கோடுகளுக்குப் பக்கத்தில் விசைக்கும் ஒரு கோடு இருக்கும், வளைவு முழுக்க அது சிவப்பாகவே நின்றால் கெயினைக் குறையுங்கள். வீல் லேசாகிவிட்டதே என்று முதல் நாள் கஷ்டமாக இருக்கும், ஒரு வாரம் பொறுங்கள். நடுவில் செத்த மாதிரி இருப்பதற்கு கேமில் மினிமம் ஃபோர்ஸ் என்று இருக்கும் அளவை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றிப் பாருங்கள், கையை விட்டால் வீல் தானாக ஆடத் தொடங்கும் இடத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆசை போகவில்லை என்றால் வாங்குங்கள். உண்மையாகவே சொல்கிறேன். "எனக்கு அது கையில் இருந்தால் சந்தோஷமாக இருக்கும்" என்பது ஒரு பொழுதுபோக்குச் சாமான் வாங்க முழுக் காரணம்தான், அதற்கு லேப் நேரத்தைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

5-ஆ, 8-ஆ என்ற கேள்விக்கு மேஜைதான் பதில் சொல்ல வேண்டும். ஒரு கணக்கு பாருங்கள்: 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வீலில் 5 நியூட்டன் மீட்டர் என்றால் விளிம்பில் ஏறக்குறைய மூன்றரை கிலோ இழுப்பதற்குச் சமம். 8 என்றால் ஐந்தரை கிலோவுக்குக் கிட்டத்தட்ட. உங்கள் ஜி29-இல் இப்போது ஒன்றரை கிலோ சொச்சம். வளைவுக்கு வளைவு திசை மாறி மாறி ஐந்தரை கிலோ இழுப்பை உங்கள் மேஜை தாங்குமா? மேஜையோடுதான் இருக்கப் போகிறீர்கள் என்றால் 5 போதும், அதிலேயே உங்களுக்கு இப்போது கிடைப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வந்துவிடுகிறது. தனி ஸ்டாண்டோ, இருக்கையோடு சேர்ந்த சட்டமான ரிக்கோ வாங்கப் போகிறீர்கள் என்றால் 8 வாங்குங்கள், முழுக்கத் திறந்து வைக்காமல் ஓட்டினாலும் கிளிப் ஆகாமல் இருக்க அந்த மிச்சம் உதவும். ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி மாதிரிச் சில அடிப்பாகங்கள் (மோட்டார் இருக்கும் பெட்டி) சாதாரண பவர் சப்ளையில் 5, பெரிய பவர் சப்ளை போட்டால் 8 என்று வருகின்றன, முடிவெடுக்க முடியாதவர்களுக்கு அது ஒரு வழி. மோசா ஆர்5 என்றால் 5.5, ஆர்9 என்றால் 9. அதற்கும் மேலே 12, 20 என்று போவதெல்லாம் உங்களுக்கு இப்போது வேண்டாம். எதை வாங்கினாலும் சுவரில் மோதப் போகிறோம் என்று தெரிந்ததும் வீலை விட்டுவிடுங்கள், கட்டைவிரலைக் கம்பிக்குள் கோத்து வைத்திருந்தால் வலிக்கும்.

விலை பார்க்கும்போது ஒரு விஷயம். விளம்பரத்தில் போடுவது பல சமயம் அடிப்பாகத்தின் விலை மட்டும்தான். கையில் பிடிக்கும் வளையம் தனி, பெடல் தனி, ஸ்டாண்ட் தனி. எல்லாவற்றையும் கூட்டிவிட்டு அப்புறம் உங்கள் சேமிப்போடு ஒப்பிடுங்கள். கூட்டிப் பார்த்ததும் கை நடுங்கினால், ஸ்டாண்டும் லோட் செல் பெடலும் மட்டும் இப்போதைக்கு வாங்கி ஜி29-ஐயே அதில் மாட்டலாம். கம்ப்யூட்டர் என்பதால் ஒரு கம்பெனி வீலையும் இன்னொரு கம்பெனி பெடலையும் தனித்தனி யுஎஸ்பியில் செருகி ஓட்டுவதில் தடையில்லை. நாளைக்கு பிளேஸ்டேஷனோ எக்ஸ்பாக்ஸோ வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன், அந்தக் கன்சோலுக்கு என்று உரிமம் பெற்ற வீல்தான் அதில் முழுமையாக வேலை செய்யும், பெடலும் பெரும்பாலும் அந்த வீலின் வழியாகத்தான் செருக வேண்டியிருக்கும்.

பழையதை உடனே விற்காதீர்கள். புது அடிப்பாகம் வாங்கி, பெடலுக்குக் காசு மிஞ்சவில்லை என்றால் ஜி29-இன் பெடலையே தொடர்ந்து பயன்படுத்தலாம். அதன் ஒன்பது பின் பிளக்கை யுஎஸ்பியாக மாற்றித் தரும் சின்ன அடாப்டர்கள் கிடைக்கின்றன. லோட் செல் வந்து சேர்ந்து, அதில் ஒரு மாதம் ஓட்டிய பிறகு மொத்தமாக விற்றுவிடுங்கள், அதற்குள் அந்த வீலை வாங்க ஆசைப்படும் இன்னொருவர் உங்கள் வட்டத்திலேயே முளைத்திருப்பார். கொடுக்கும்போது ஷூ விஷயத்தையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள்.