ஓடிய வண்டி ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: ஆறாம் தரத்தில் படிக்கும் என் மகன் தடித்த மட்டையில் உடலும், ஜாம் போத்தல் மூடிகளில் சக்கரங்களும், பென்சிலில் பின் அச்சுமாக, இறப்பர் வளையத்தால் ஓடும் வண்டி ஒன்றைச் செய்திருக்கிறான். வளையத்தின் ஒரு நுனியை முன்பக்கத்திலும் மறு நுனியை அச்சிலும் இறுகக் கட்டியிருக்கிறான். சீமெந்துத் தரையில் விட்டால் பின்சக்கரங்கள் முதலில் வழுக்கிச் சுழல்கின்றன. பிறகு இரண்டடி ஓடி நின்று, வந்த வழியே திரும்பி உருளுகிறது. இன்னும் பெரிய வளையம் போட வேண்டுமா?
– வாசகி ஒருவர், கிளிநொச்சி

பதில்: வேண்டாம், சகோதரி. வளையத்தின் வலு போதும். அது தரைக்குப் போய்ச் சேரும் வழியைத்தான் திருத்த வேண்டும்.

வண்டி திரும்பி வருவதற்குக் காரணம் அந்த முடிச்சு. சுற்றிய வளையம் முழுவதும் அவிழ்ந்த பின்னும் ஓடும் வேகத்தில் அச்சு சுழன்றுகொண்டே இருப்பதால், கட்டிய நுனி மறுபுறமாகச் சுற்றிக்கொள்கிறது. அதுவரை தள்ளிய வளையமே பிரேக்காகி, பின்னர் வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. முடிச்சை வெட்டிவிட்டு, அச்சின் நடுவில் ஓர் ஈர்க்குத் துண்டை, அரைச் சென்ரிமீற்றர் வெளியே நீட்டி நிற்குமாறு நூலால் வரிந்து கட்டி, ஒரு சொட்டுப் பசை விட்டுக் காயவிடுங்கள். வளையத்தை அந்த முளையில் கொளுவி, வண்டியைத் தரையில் அழுத்திப் பின்னால் இழுத்தால் அது அச்சில் சுற்றும். அவிழ்ந்து முடிந்ததும் தானாகக் கழன்றுவிடும்.

வழுக்கலுக்கும் இரண்டடியில் ஓட்டம் முடிவதற்கும் காரணம் ஒன்றே: அச்சு தடிப்பாக இருக்கிறது. ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் தடிப்புள்ள பென்சில் ஒருமுறை சுற்றினால் 22 மில்லிமீற்றர் வளையத்தை விழுங்கிவிடும். ஆகவே 6 சென்ரிமீற்றர் வளையம் மூன்று சுற்றுக்கும் காணாது. 7 சென்ரிமீற்றர் அகலமான மூடி ஒரு சுற்றில் 22 சென்ரிமீற்றர் போகும் என்பதால், மொத்தமே 60 சென்ரிமீற்றர்தான். அதுதான் உங்கள் மகன் கண்ட இரண்டடி. பென்சிலுக்குப் பதிலாக 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பழைய சைக்கிள் கம்பியைப் போட்டால், அதே வளையம் ஒன்பது சுற்றுக்கு மேல் தாங்கி, வண்டியை இரண்டு மீற்றர் வரை தள்ளும். தள்ளும் விசை மூன்றிலொரு பங்கிற்கும் கீழே குறைவதால் சக்கரம் வழுக்காது. வண்டி கிளம்பவே தயங்கினால், வளையம் சுற்றும் இடத்தில் மட்டும் ஒட்டுநாடாவை இரண்டு மடிப்புச் சுற்றி அச்சைச் சற்றுத் தடிப்பாக்குங்கள். இந்தத் தடிப்பைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பதே இந்த விளையாட்டின் மிக நல்ல பகுதி என்பது என் எண்ணம். அதை அவனிடமே விட்டுவிடுங்கள்.

அதன் பிறகும் வழுக்கினால், பழைய சைக்கிள் ரியூப்பை மெல்லிய நாடாவாக வெட்டி, ரியூப் ஒட்டும் பசையால் பின்சக்கர விளிம்பில் ஒட்டுங்கள். முற்றத்து மணலில் ஓட்டிப் பார்க்க வேண்டாம். பனங்காய் வண்டில் மணலில் ஓடியது காய் பெரிதாகவும் அகலமாகவும் இருந்ததால். மெல்லிய மூடி மணலில் புதைந்துவிடும்.

சுற்றிய வண்டியை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கவும் கூடாது. இழுபட்ட நிலையில் இருக்க இருக்க இறப்பர் தளர்ந்து இழுவை குறையும். ஒரு வளையத்தைச் சட்டென்று இழுத்து உதட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், இளஞ்சூடு தெரியும். சுருங்கவிட்டு உடனே வைத்தால் குளிரும். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் கண்டறிந்த முறைப்படி, கந்தகம் சேர்த்துச் சூடாக்கிப் பதப்படுத்தியதால்தான் இறப்பர் வெயிலில் பிசுபிசுக்காமல் நிற்கிறது. ஆனாலும் வன்னி வெயிலில் யன்னலோரம் கிடந்தால் சில வாரங்களில் வெடிப்பு விழும். மூடிய தகரப் பேணியில் போட்டு வையுங்கள். அச்சு இறுகினால் மண்ணெண்ணெய் விட வேண்டாம், அது வளையத்தில் பட்டால் ஊதிப் பதம் கெடும். பென்சில் கரியைத் தூளாக்கித் தடவினால் போதும்.