பூட்டைத் தேடினால் பெட்டி வருவது ஏன்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஹாட்வெயார் கடை நடத்துகிறோம். எங்கள் இணையத்தளத்தில் ஏறத்தாழ 4,000 பொருட்கள் உள்ளன. தேடற்பெட்டியில் எழுதும்போதே பரிந்துரை வருவதற்காக எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருளில் ‘கம்ப்ளீஷன்’ புலம் அமைத்தோம். ஆங்கிலத்தில் பிழையில்லை. தமிழில் ‘பூட்டு’ என்று அடித்தால் ‘பெட்டிப் பிணைச்சல்’ வருகிறது. ‘ரோச்’ என்று அடித்தால் ஒன்றுமே வருவதில்லை. எங்கே திருத்த வேண்டும்?

பதில்: முதற்கோளாறு அந்தப் புலத்தின் இயல்பிருப்பில் இருக்கிறது. கம்ப்ளீஷன் புலத்துக்குப் பகுப்பான் (உரையைத் தேடத்தக்க துண்டுகளாகப் பிரிக்கும் கருவி) எதையும் குறிக்காமல் விட்டால் அது ‘சிம்பிள்’ பகுப்பானை எடுத்துக்கொள்ளும். எழுத்தல்லாத எதைக் கண்டாலும் அந்த இடத்தில் சொல்லை வெட்டி, குறியை எறிந்துவிடுவது அதன் வேலை. யூனிகோட் வகைப்பாட்டில் ா, ி, ெ, ூ முதலிய உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்துகள் அல்ல. எழுத்தோடு ஒட்டும் குறிகள். ஆகவே ‘பூட்டு’ ப, ட, ட என்று உடைகிறது. ‘பெட்டி’யும் ப, ட, ட. ‘பாட்டி’யைப் போட்டாலும் அதுவே! முன்னுரிமை எடை கூடியது எதுவோ அது மேலே வந்து நிற்கிறது.

இதற்குப் பயந்து பலர் சொல்லைத் தொடக்கத்திலிருந்து ‘ப’, ‘பூ’, ‘பூட’ என்று நீளும் துண்டுகளாக்கும் ‘எட்ஜ் என்கிராம்’ டோக்கனைசருக்கு (பகுப்பானுக்குள் உரையை வெட்டும் பகுதிக்கு) மாறி, எந்த வகைக் குறிகளை ஏற்பது என்ற இடத்தில் ‘லெட்டர்’, ‘டிஜிட்’ இரண்டையும் எழுதிவிடுகிறார்கள். அதுவும் அதே குழிதான், காரணமும் அதே.

உங்கள் கடையின் அளவுக்கு நான் கம்ப்ளீஷன் புலத்தைச் சொல்லமாட்டேன். அது பெயரின் தொடக்கத்திலிருந்து மட்டுமே பொருத்தும். ‘பிணை’ என்று தொடங்குபவருக்கு ‘பெட்டிப் பிணைச்சல்’ கிடைக்காது. சாதாரண டெக்ஸ்ட் புலம் வையுங்கள். டோக்கனைசர் ‘ஸ்டாண்டர்ட்’ ஆக இருக்கட்டும்; அது உயிர்க்குறியை எழுத்தோடு சேர்த்தே வைத்திருக்கும். எட்ஜ் என்கிராமை அதற்குப் பின்னால் ஃபில்டராகப் போடுங்கள். இயல்பிருப்பில் அதன் நீளம் 1 முதல் 2 வரைதான். அதை 1 முதல் 25 வரை என்று மாற்றுங்கள். இங்கே எண்ணப்படுவது நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல, யூனிகோட் குறிகள். ‘யாழ்ப்பாணம்’ நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 11 குறி. ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து 8 என்று வைத்தவரின் தளத்தில் சொல்லை முழுதாக அடித்து முடிக்கும்போது பரிந்துரை மறைந்துபோவது இதனால்தான்.

தேடும் பக்கத்துப் பகுப்பானில் (வாங்குபவர் அடிப்பதைப் பிரிப்பதில்) எட்ஜ் என்கிராம் இருக்கவே கூடாது. இருந்தால் ‘பூட்டு’ என்ற தேடலும் ‘ப’, ‘பூ’, ‘பூட’ என்று துண்டாகி, ‘ப’வில் தொடங்கும் அத்தனையும் வந்து குவியும். அந்தப் பக்கத்தில் இன்னொன்று தேவை: தேடலின் கடைசியில் புள்ளி இருந்தால் அதை நீக்கும் ஒரு குறி வடிகட்டி. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் ‘பூ’ அடிப்பவர் முதலில் ‘ப்’ என்ற நிலையைக் கடந்தே வருகிறார். ‘ப்’ என்று தொடங்கும் பொருள் எதுவும் இல்லையே. பட்டியல் ஒவ்வொரு மெய்யிலும் காலியாகி மீண்டும் நிரம்பி மினுங்கும். பல சொல் தேடலுக்கு ஆப்பரேட்டரை ‘அண்ட்’ ஆக (எல்லாச் சொல்லும் பொருந்த வேண்டும் என்று) வையுங்கள். ‘பெட்டி பிணை’ என்று ஒற்றில்லாமல் அடித்தாலும் ‘பெட்டிப் பிணைச்சல்’ அகப்படும்.

பொருட்பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி யூனிகோட்டுக்கு மாற்றப்பட்டதா? அப்படியானால் ‘ரி’ வரும் இடங்களைப் பாருங்கள். ரகரத்துக்குப் பதில் கால் குறியை (ா) தட்டும் பழக்கத்தால் ‘ாி’ என்று கிடக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கொ, கோ இரண்டு துண்டாகக் கிடப்பதையும் காணலாம். பிந்தியதை ஐசியூ என்ற யூனிகோட் செருகியின் நோர்மலைசர் ஒட்டிவிடும், ஆனால் ரகரத்தை முதலில் திருத்தாமல் அதை ஓட்டாதீர்கள். ‘சாவகச்சேரி’யின் கடைசி ‘ரி’ கால் குறியோடு இருந்தால், நோர்மலைசர் அந்தக் காலை முன்னிருக்கும் ஏகாரக் குறியோடு சேர்த்து ஓகாரமாக்கிவிடும். கால் குறிக்குப் பின்னால் ி, ீ, ் வருவது தமிழில் இல்லை. அவ்விடங்களில் காலை ‘ர’ ஆக்குவது ஒரே வரி வேலை. இரண்டையும் டோக்கனைசருக்கு முன்னால், இந்த வரிசையிலேயே போடுங்கள்.

‘ரோச்’ கதை வேறு. உங்கள் பட்டியலில் ‘டார்ச்’ என்று இருக்கிறது, வாங்குபவர் ‘ரோச் லைற்’ என்கிறார். பற்றரி–பேட்டரி, ரயர்–டயர் எல்லாம் இந்த வகை. தேடும் பக்கத்தில் ஒத்தசொற் பட்டியல் வைத்துப் பயனில்லை, ‘ரோ’ என்ற அரைச்சொல்லுக்கு அதில் இணை கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் ‘மாற்றுப்பெயர்’ என்று ஒரு புலம் வைத்து, ஊர்ப்பேச்சையும் ஆங்கில எழுத்தில் அடிக்கும் வடிவத்தையும் எழுதி, அதே பகுப்பானைக் கொடுங்கள். கையால் செய்யும் வேலைதான். அதிகம் விற்கும் 300 பொருளில் தொடங்கினால் போதும்.

ஏற்கெனவே உள்ள புலத்தின் பகுப்பானை மாற்ற முடியாது. புதிய இன்டெக்ஸ் (தேடல் தரவுத் தொகுப்பு) திறந்து, தரவை மீள ஏற்றி, தளம் அதை அழைக்கும் பெயரான ஏலியாஸை அதற்குத் திருப்புங்கள். திருப்புமுன் ‘அனலைஸ்’ கட்டளையில் ‘பூட்டு’, ‘பெட்டி’ இரண்டையும் கொடுத்து, வரும் துண்டுகள் உயிர்க்குறியோடு வருகின்றனவா என்று பாருங்கள்.

உலாவியில், விசை நின்று 200 மில்லிசெக்கன் கழித்தே கோரிக்கை போகட்டும். முந்திய கோரிக்கையின் பதில் பிந்தி வந்தால் எறிந்துவிடுங்கள். விசைப்பலகை எழுத்தைக் கூட்டும் ‘கம்போசிஷன்’ நிலை முடியும்வரை காத்திருக்கும் நிரலை மட்டும் வைக்காதீர்கள்: கைத்தொலைபேசி விசைப்பலகைகள் பலவற்றில் அது முழுச்சொல் முடிந்த பின்புதான் முடியும்.