ஹறோவில் பற்றை பிடித்த கார்டனோடு ஒரு வீடு: வாங்கலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். லண்டனில் ஹறோப் பக்கம், 1930களில் கட்டிய செமி டிடாச்ட் வீடு, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. விலை அந்த ரோட்டில் மற்ற வீடுகளை விடக் குறைவு. உள்ளுக்கு எல்லாம் பிடித்திருக்கிறது. ஆனால் பின் கார்டன் முழுக்க இடுப்பளவு பற்றை, மார்ச்சில் போய்ப் பார்க்க, கடைசி மூலையில் சப்பாத்துப் புதைகிறது. ஏஜென்ட் "இரண்டு நாள் வேலைதானே" என்கிறார், மனைவி வேண்டாம் என்கிறா. இதுதானே கதை?

நான் இங்கே வந்து இருபத்தாறு வருடம். முதல் வீட்டில் கார்டனைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். அது பற்றை பிடித்த கார்டன் இல்லை, படம் எடுத்து மாட்டலாம் போன்ற கார்டன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பற்றையையும் ஈரத்தையும் ஒரே கணக்கில் போடாதேங்கோ. பற்றை வியர்வைக்கு அடங்கும். பிளாக்பெரி முள்ளும், காஞ்சோன்றி மாதிரிச் சுணைக்கிற நெட்டிலும் யாரும் வெட்டவில்லை என்பதைத்தான் காட்டும். நெட்டில் தழைத்து நிற்கிற இடம் பெரும்பாலும் நல்ல உரமான மண். இரண்டு பேரைப் பிடித்து வெட்டி அள்ள என்ன செலவு என்று கேட்டு, அதை விலையில் குறைத்துக் கேளுங்கோ.

ஈரத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்துச் செம்பாட்டு மண்ணில் வளர்ந்த ஆட்களுக்கு இது விளங்க நாள் எடுக்கும். அங்கே மழை விட்ட கையோடு தண்ணீர் கீழே இருக்கிற சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும். ஹறோப் பக்கம் பெரும்பாலும் லண்டன் களிமண். மாரியில் சகதி, கோடையில் விரல் போகிற வெடிப்பு. ஒரு பிடி எடுத்து உருட்டிப் பாருங்கோ, கொழுக்கட்டை மாதிரிப் பிடித்தால் களிதான். ஆகவே மார்ச் மாதத்தில் சப்பாத்துப் புதைந்தது ஒரு அதிசயமும் இல்லை. அந்த ஈரம் ரோட்டுக்கே பொதுவா, உங்கள் மூலைக்கு மட்டுமா என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வேலிக்கு மேலால் எட்டிப் பாருங்கோ. இரண்டு பக்கத்துப் புல்லும் அதே மாதிரிச் சொதசொத என்றால் அது மண்ணின் குணம். அங்கே காய்ந்திருக்க, உங்கள் மூலை மட்டும் ஊறிக்கிடந்தால் தாழ்ந்த நிலமாக இருக்கலாம், அடைபட்ட வடிகாலாக இருக்கலாம், உடைந்த குழாயாகவும் இருக்கலாம். ஆகஸ்ட் வெயிலிலும் காயாத ஈரம் என்றால் குழாயைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். கழிவு மணம் வருகிறதா என்று மூக்கையும் பாவியுங்கோ. மேன்ஹோல் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கோ. ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பொதுவான கழிவுக் குழாய்கள் 2011 ஒக்டோபரோடு தண்ணீர்க் கொம்பனிகளின் பொறுப்புக்குப் போய்விட்டன. உங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய குழாய் என்றால், வளவுக்குள் இருக்கும் வரை செலவு உங்களுடையது.

செடிகளும் கொஞ்சம் சொல்லும். கோரை மாதிரி, ஆனால் உருண்டைத் தண்டோடு குத்தாக நிற்கிற ரஷ் என்ற செடி என்றால் அங்கே வருடக்கணக்காகத் தண்ணீர் நிற்கிறது. பாசி மட்டும் என்றால் வெறும் நிழலாகவும் இருக்கலாம்.

பயப்பட வேண்டிய செடி ஒன்றுதான், ஜப்பானிய நொட்வீட். மூங்கில் மாதிரி உள்ளே கோறையான தண்டு, அதில் ஊதாப் புள்ளிகள், இலை கேடய வடிவம், கணுவுக்குக் கணு தண்டு திசை மாறிப் போகும். மாரியில் பட்டுப்போய் மண்ணிறக் குச்சிகளாக நிற்கும், பார்த்தால் சும்மா சருகு என்று நினைப்பீர்கள். விற்கிறவர் நிரப்புகிற டிஏ6 படிவத்தில் இதற்கென்றே ஒரு கேள்வி இருக்கிறது. "தெரியாது" என்று பதில் வந்தால் அதோடு விடாதேங்கோ, உங்கள் சொலிசிட்டரிடம், அதாவது வீட்டு அலுவல் பார்க்கிற சட்டத்தரணியிடம், திருப்பிக் கேட்கச் சொல்லுங்கோ. இந்தச் செடி இருந்தால் மோர்கேஜும், அதாவது வீட்டுக் கடனும், சிக்கலாகலாம்.

இனி என் கதை. அந்த வீட்டில் பின்கதவைத் திறந்தால் வடிவாகச் சிலாப் பதித்த முற்றம். என் மனைவி அதிலேயே மயங்கிவிட்டா, நானும்தான். பழைய சொந்தக்காரர் பழைய சீமெந்தைக் கிண்டாமல் அதன் மேலேயே புதுக்கல்லைப் பதித்திருந்தார். 1930கள் காலத்து வீடுகளில் பலகைத் தரைக்குக் கீழே காற்றுப் போக, சுவரின் அடியில் ஓட்டை ஓட்டையாக ஏர் பிரிக் வைத்திருப்பார்கள். என் வீட்டில் முன்னால் நான்கு இருந்தது, பின்னால் ஒன்றுமே தெரியவில்லை. ஏன் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. மூன்றாம் மாரியில் சாப்பாட்டு மேசைக்குக் கீழே பலகை அமிழத் தொடங்கியது. ஆள் வந்து பலகையைத் தூக்க, காளான் மணம் முகத்தில் அடித்தது. தாங்குகிற மரத்தின் நுனியை அவர் ஸ்குரூ டிரைவரால் குத்தினார். புட்டு மாதிரி உதிர்ந்தது. ஏர் பிரிக்கை மூடியிருந்த முற்றம் முழுவதையும் உடைத்து அள்ளி, மரமும் மாற்றி, அந்த வருடம் ஊருக்குப் போக வைத்திருந்த காசு எல்லாம் அதற்குள் போனது.

அதனால் மூலையை விட்டுவிட்டு முதலில் சுவரடிக்குப் போங்கோ. நிலத்து ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கிற டாம்ப் புரூஃப் கோர்ஸ் சுவரில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். வெளி நிலம் அதற்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே, அதாவது இரண்டு செங்கல் வரி கீழே இருக்க வேண்டும். பல வருடச் சருகும் மண்ணும் சுவரோடு குவிந்து ஏர் பிரிக்கை மூடியிருந்தால் மண்வெட்டியால் இழுத்துப் பாருங்கோ. நாற்பது அடி தள்ளி இருக்கிற சகதியை விட, சுவரோடு ஒட்டிய அரை அடி மண்தான் வீட்டைத் தின்னும்.

வீட்டுக்குக் கிட்ட பெரிய வில்லோ மரமோ ஓக் மரமோ நின்றால் அது வேறு கதை. களிமண்ணில் அவை தண்ணீரை உறிஞ்ச நிலம் சுருங்கி அத்திவாரம் இறங்கும். 1976 வறட்சியில் இப்படி வெடித்த வீடுகள் ஏராளம். பயந்து ஒரேயடியாக வெட்டினாலும் ஆபத்து, மண் மறுபடி ஊறிப் பொங்கித் தரையைத் தூக்கும். கவுன்சில் பாதுகாப்பு உத்தரவு உள்ள மரம் என்றால் அனுமதி இல்லாமல் தொடவும் முடியாது.

அரசாங்க இணையத்தில் போஸ்ட்கோட்டைப் போட்டு வெள்ள அபாயம் பாருங்கோ, காசில்லை. ஆறு இல்லாத ரோட்டிலும் மழைநீர் வெள்ளம் வரும், அதையும் சேர்த்துக் காட்டும். வங்கி செய்கிற வேல்யுவேஷனை, அதாவது விலை மதிப்பீட்டை, வீட்டின் நிலையைச் சோதிக்கிற சேர்வே என்று நினைக்காதேங்கோ, அது வங்கிக்காக. இந்த வயது வீட்டுக்கு லெவல் 3 என்ற விரிவான சேர்வே எடுங்கோ, குழாய்க்குள் கமெரா விட்டுப் பார்க்கிறதையும் தனியாகச் செய்யுங்கோ. இரண்டு பக்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் வரை (எக்ஸ்சேஞ்ச்) இங்கிலாந்தில் உங்களைக் கட்டுப்படுத்த ஒன்றுமில்லை, அறிக்கையைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பிறகு, வாங்கினால் எங்கட ஆட்கள் செய்கிற மாதிரி முழுக்கச் சீமெந்து போட்டு மூடாதேங்கோ. தண்ணீர் எங்காவது போகத்தானே வேண்டும், போகாவிட்டால் சுவருக்குத்தான் வரும்.

உங்கள் இடத்தில் நான் என்றால் இந்தக் கிழமை நல்ல மழை பெய்த அடுத்த நாள், ஏஜென்டை முன்பக்கம் விட்டுவிட்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு பின்னால் போவேன். பக்கத்து வீட்டு ஆளையும் கூப்பிட்டுக் கதைப்பேன். போய்ப் பார்த்துவிட்டு, பின்சுவரில் எத்தனை ஏர் பிரிக் தெரிகிறது என்று எழுதுங்கோ.