வாசலிலேயே நின்றுவிட்ட இரண்டு இளைஞர்கள்

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டு நிலக்கீழ்த் தளத்தில் மோர்மன் சபையைச் சேர்ந்த இரண்டு பொடியன்கள் குடியிருக்கிறார்கள். ஒருவன் அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்தும் மற்றவன் பசிபிக் தீவு நாடான தொங்காவிலிருந்தும் வந்தவர்கள். போன பனிக்காலத்தில் நாங்கள் கேட்காமலே எங்கள் வாசல் பனியை அள்ளித் தந்தார்கள். உள்ளே வரச் சொன்னேன். “கணவர் வீட்டில் இருக்கிறாரா?” என்று கேட்டார்கள், இல்லை என்றதும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்த தேத்தண்ணீரையும் குடிக்கவில்லை. அந்தக் கேள்வியால் எனக்குப் பயமாகிவிட்டது. “வீட்டுக்குள் எடுக்காதே, மதம் மாற்றிவிடுவார்கள்” என்கிறார் மாமி. எனக்கும் பதினாறு வயதில் மகன் இருக்கிறான். ஆனாலும் இந்த வயதில் தாய் தகப்பனை விட்டு வந்திருக்கும் பிள்ளைகளைப் பார்க்க மனம் கேட்கவில்லை. இவர்களைக் கட்டாயப்படுத்தி அனுப்புகிறார்களா? இவர்களைச் சாப்பிடக் கூப்பிடலாமா?
— வாசகி, ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்களைப் பயமுறுத்திய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். பெண் மட்டும் இருக்கும் வீட்டுக்குள் இந்த இளைஞர்கள் கால் வைக்கக்கூடாது, வளர்ந்த ஆண் ஒருவராவது கூட இருக்கவேண்டும் என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு. அதற்காகத்தான் கணவர் இருக்கிறாரா என்று கேட்டார்கள். இல்லை என்று தெரிந்ததும் குளிரில் வெளியே நின்றார்கள். தேத்தண்ணீரும் அப்படியே. தேயிலை, கோப்பி, மது, புகையிலை ஆகிய நான்கையும் அவர்களுடைய சபை விலக்கியிருக்கிறது. சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் 1833-இல் அறிவித்த உணவு நெறியிலிருந்து வரும் வழக்கம் அது. உங்கள் கையால் கொடுத்ததை அவர்கள் அவமதித்ததாக நினைக்க வேண்டாம். அடுத்த முறை மல்லித் தண்ணீரோ சூடான மைலோவோ கொடுத்துப் பாருங்கள், குடிப்பார்கள்.

பலர் இவர்களை யெகோவாவின் சாட்சிகள் என்று எண்ணிவிடுகிறார்கள். இவர்கள் வேறு. 1830-இல் நியூயோர்க் மாநிலத்தில் தொடங்கி, இன்று யூட்டா மாநிலத்தின் சோல்ட் லேக் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருக்கும் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ இவர்களுடையது. அந்தச் சபையின் மதம் பரப்பும் ஊழியர்கள் 70,000-க்கும் மேற்பட்டோர் இன்று உலகெங்கும் பணியில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் உங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் வயதினர்தாம்.

கட்டாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் போட்டு யாரும் அனுப்புவதில்லை. இளைஞர் தாமே விண்ணப்பிக்க வேண்டும். ஆயினும் இந்தச் சபையில் பிறந்த ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு ஊழியம் ஒரு கடமை என்று சிறுவயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள், பெண்களுக்கு அது விருப்பம், அவர்களுக்குக் காலமும் பதினெட்டு மாதங்கள்தான். 2012-இல் ஆண்களுக்கான குறைந்த வயது 19-இலிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டதால், உயர்தரப் பள்ளியை முடித்த கையோடு பெட்டி கட்டுகிறவர்கள் பலர். எந்த நாடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. தலைமையகத்திலிருந்து வரும் அழைப்பில் உள்ள ஊருக்குத்தான் போகவேண்டும். அமெரிக்க அரசியல்வாதி மிற் றொம்னி 1960-களில் பிரான்ஸில் இப்படித்தான் கதவு கதவாகத் தட்டினார். அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. 2020 ஜூலையிலிருந்து ஓர் அமெரிக்க இளைஞரோ அவருடைய குடும்பமோ மாதம் 500 டொலர் செலுத்த வேண்டியிருக்கிறது, வசதி குறைந்த நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குச் சபையின் பொது நிதி துணை நிற்கிறது. ஆகவே, தாய் தகப்பன் கவலையற்று அனுப்பிவிட்டார்கள் என்று எண்ணாதீர்கள், பிள்ளை பிறந்த காலத்திலிருந்தே இதற்கெனச் சேமிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தத் தகப்பன்மார் பலர் தாமே ஒருகாலத்தில் போய் வந்தவர்கள்.

அவர்களுடைய ஒரு நாளை நீங்கள் அறிந்துகொண்டால் உங்கள் இரக்கத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கும். பொதுவாகக் காலை 6.30-க்கு எழுந்து, அரைமணி நேரம் உடற்பயிற்சி செய்து, காலை உணவுக்குப் பிறகு வேதப் படிப்பு, அன்றைய பயணத் திட்டம், வேற்று மொழி பேசும் ஊரானால் மொழிப் பயிற்சி என்று முன்பகலைக் கழித்து வெளியே இறங்கினால், இரவு ஒன்பது, ஒன்பதரை வரை தெருவிலும் பேருந்திலும் பிறர் வீட்டு வாசலிலும்தான் அவர்கள் பொழுது போகும். இரவு 10.30-க்கு விளக்கை அணைக்கவேண்டும். இரண்டு ஆண்டுகளும் காதல் கிடையாது, திரைப்படமோ தொலைக்காட்சித் தொடரோ கிடையாது. கையில் இருக்கும் கைபேசியும் ஊழியத்துக்காகக் கொடுக்கப்பட்டது. வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, துணி துவைக்கவும் கடைக்குப் போகவும் தலைமுடி வெட்டவும் வீட்டாரோடு பேசவும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. 2019 பெப்ரவரிக்கு முன் நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்குமாக ஆண்டுக்கு இரண்டு முறைதான் தாயின் குரலைக் கேட்க முடியும். இப்போது வாரந்தோறும் பேச அனுமதி இருக்கிறது. அந்த மாற்றம் இன்னும் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

இவையெல்லாவற்றிலும் கடினமானது, எனக்குத் தோன்றுகிறபடி, துணை பற்றிய விதிதான். ஊழியர் ஒருவர் தமக்கென நியமிக்கப்பட்ட துணையை விட்டு எங்கும் தனியே போகக்கூடாது. ஒரே அறையில் உறங்கி, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக நடந்து, திட்டு வாங்கினாலும் ஒன்றாகவே வாங்கவேண்டும். அந்தத் துணையை அவர்கள் தேர்ந்தெடுப்பதும் இல்லை, அந்தப் பகுதி ஊழியர்களுக்குப் பொறுப்பான ஊழியத் தலைவர்தான் நியமிக்கிறார். ஐடஹோப் பிள்ளையும் தொங்காப் பிள்ளையும் ஒரு மேசையில் உட்கார்ந்து உண்பது எந்த உணவு, அறையின் வெப்பநிலை எத்தனை பாகை, சண்டை வந்தால் முதலில் பேசுவது யார் என்பதையெல்லாம் பெற்றோர் அருகில் இல்லாமல், பத்தொன்பது இருபது வயதில் தாங்களே தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம்முடைய மாணவர் விடுதிகளில்கூட, ஒத்துவராவிட்டால் வாசலுக்குப் போய்த் தனியே மூச்சு விடலாம். மனச்சோர்வினாலோ உடல்நலக் குறைவினாலோ காலம் முடியுமுன் வீடு திரும்பும் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் சிலர் சொந்த ஊரில் தலைகுனிந்து நடக்க நேர்கிறது. அது அநியாயம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி உங்கள் மாமியின் கவலைக்கு வருகிறேன். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது: மதம் பரப்புவதுதான் அவர்கள் வந்த வேலை. நீங்கள் சோறு போட்டால் தங்கள் வேதநூலான மோர்மன் புத்தகத்தைப் பற்றிப் பேசத்தான் பார்ப்பார்கள். அதற்காக ஒளிந்துகொள்ளவோ, “பிறகு வாருங்கள், பார்க்கலாம்” என்று இழுத்தடிக்கவோ தேவையில்லை. நம்மவர் பலர் முகத்துக்கு நேரே மறுப்பது மரியாதைக் குறைவு என்று நினைத்து, வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லவைக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளோ நம்பிக்கையோடு அடுத்த வாரமும் பேருந்து பிடித்து வந்து நிற்கிறார்கள். “நாங்கள் சைவர்கள், எங்கள் சமயத்தை மாற்றும் எண்ணம் எங்களுக்கு இல்லை, பாடம் வேண்டாம், ஆனால் நீங்கள் எங்கள் அயலவர், வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்” என்று கணவரும் நீங்களும் சேர்ந்து வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாளெல்லாம் மூடிய கதவுகளைப் பார்க்கிறவர்களுக்கு நேர்மையான மறுப்பு புண்படுத்தும் ஒன்றல்ல. மகனைப் பற்றியும் ஒன்று: வயது வராத பிள்ளைக்குப் பெற்றோரின் அனுமதியின்றி அந்தச் சபை ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. எனினும் சபையின் விதியை மட்டும் நம்பியிராமல், அவர்கள் யார், எதை நம்புகிறார்கள், நாம் எதை நம்புகிறோம் என்று மகனோடு நீங்களே உட்கார்ந்து பேசுங்கள். பதினாறு வயதுப் பிள்ளையிடம் அதைப் பேசலாம்.

சாப்பிடக் கூப்பிடலாமா என்றால், தாராளமாகக் கூப்பிடுங்கள். கணவர் வீட்டில் இருக்கும் மாலையாகப் பாருங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்களுக்கு நோன்பு நாள், இரண்டு வேளை உண்ணமாட்டார்கள். அன்றைக்கு அழைத்துவிட்டுப் பகலில் இடியப்பம் அவித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். உறைப்பைக் குறைத்து ஒரு சொதியும் கோழிக் கறியும் வைத்தால் போதும். மிச்சத்தைக் கட்டிக் கொடுங்கள். திட்டமான படிப்பணத்தில் தாங்களே சமைத்துண்ணும் பிள்ளைகளுக்கு அது மறுநாள் மதியத்துக்கும் ஆகும். வந்தால், உங்கள் ஊர் எப்படி, தம்பி தங்கைகள் எத்தனை பேர் என்று கேளுங்கள். ‘எல்டர்’ என்ற ஊழியப் பட்டத்தோடு தொடங்கும் அந்தக் கறுப்புப் பெயரட்டையில் குடும்பப் பெயர் மட்டுமே இருப்பதால், இங்கே அவர்களிடம் வீட்டுக் கதை கேட்கிறவர்கள் குறைவு.

தள்ளிப்போட வேண்டாம் என்பதையும் சொல்லவேண்டும். ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். அதில் பெயர் இருந்தால் ஓரிரு நாட்களில் பெட்டியோடு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். பனி அள்ளித் தந்த அதே இருவருக்கும் சாப்பாடு போட விரும்பினால், இந்த வாரமே கணவரை அனுப்பி அவர்களுடைய கதவைத் தட்டச் சொல்லுங்கள்.