ஆய்வேட்டை நீங்களே கோக்கலாம்: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் ஆய்வேடு தயாரிப்பது பற்றிப் போகிற போக்கில் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. பலரும் கேட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வேர்டில் 190 பக்கம் வந்தாயிற்று. சமன்பாட்டு எண்கள் எல்லாம் கையால் போட்டவை. ஒரு படத்தை நகர்த்தினால் பத்துப் பக்கம் கலைகிறது. நெறியாளர் லேட்டெக்குக்கு மாறச் சொல்கிறார். மூன்று மாதம்தான் இருக்கிறது, மாறலாமா? (ஆய்வு மாணவி, கோயம்புத்தூர்)

மாறுங்கள். (லேட்டெக் என்பது, உரையோடு கட்டளைகளையும் எழுதிக் கொடுத்தால் பக்கத்தைத் தானே அமைத்துத் தரும் அச்சுக்கோப்பு மென்பொருள்.) இதை எல்லோருக்கும் சொல்லமாட்டேன். வரலாறு மாதிரி சமன்பாடே இல்லாத துறையாக இருந்து, மூன்று மாதமே மிச்சம் என்றால், வேர்டிலேயே இருந்து அதிலுள்ள ‘ஸ்டைல்ஸ்’ வசதியை ஒழுங்காகப் பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்குக் கையால் போட்ட எண்கள் இருக்கின்றன, அதுதான் ஆபத்து. நடுவில் ஒரு சமன்பாட்டைச் சேர்த்தால் அதற்குப் பின்னால் வருகிற எல்லா எண்களையும், உரைக்குள் ‘சமன்பாடு 3.17-ஐக் காண்க’ என்று எழுதிய இடங்களையும் தேடித் தேடி மாற்றவேண்டும். ஒன்றை விட்டாலும் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கண்ணில் அதுதான் முதலில் படும். லேட்டெக்கில் நீங்கள் சமன்பாட்டுக்கு ‘லேபில்’ கட்டளையால் ஒரு பெயர் வைக்கிறீர்கள், வேண்டிய இடத்தில் ‘ரெஃப்’ என்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், எண் போடுவது அதன் பொறுப்பு. கோப்பை முதல் தடவை ஓட்டும்போது, அதாவது பிடிஎஃப் ஆக்கும்போது, எண் வரவேண்டிய இடத்தில் இரண்டு கேள்விக்குறி நிற்கும். பயந்துவிடாதீர்கள், இன்னொரு தடவை ஓட்டினால் எண் வந்து உட்கார்ந்துவிடும்.

இந்த மென்பொருள் பிறந்ததே ஒரு புத்தகக்காரரின் மனவருத்தத்தில்தான். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் நூத் 1977-ல் தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த அச்சுப் படிகளைப் பார்த்தார். பழைய ஈய அச்சில் இருந்த அழகு போய், கணித எழுத்துகள் மங்கிக் கிடந்தன. தாமே ஒரு அச்சுக்கோப்பு மென்பொருள் எழுத உட்கார்ந்தார், அதுதான் டெக். (கடைசி எழுத்து ஆங்கில எக்ஸ் மாதிரி தெரிந்தாலும் கிரேக்க ‘கை’, அதனால் ‘டெக்ஸ்’ என்று சொல்வதில்லை.) அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியது லேட்டெக். ஆக, கணிதம் அதற்குத் தாய்மடி மாதிரி.

முதல் வாரம் இயல்களைத் தொடவே வேண்டாம். பல்கலைக்கழக விதிமுறைப்படி வெறும் சட்டகத்தை மட்டும் செய்து, பொய்யாக இரண்டு பத்தி போட்டு, அச்செடுத்து, ஆராய்ச்சிப் பிரிவில் காட்டிச் சரி என்று வாங்கிவிடுங்கள். அப்புறம் இயலுக்கு ஒரு கோப்பு, ‘இன்க்ளூட்’ கட்டளையால் சேர்ப்பது. ‘இன்க்ளூட்ஒன்லி’ என்று ஒன்று இருக்கிறது, அது அருமை: நான்காம் இயலை மட்டும் ஓட்டலாம், மற்ற இயல்களின் பக்க எண்ணும் சமன்பாட்டு எண்ணும் முன்பு ஓட்டியபடியே அப்படியே நிற்கும். இணையத்திலேயே லேட்டெக்கை ஓட்டித் தரும் தளமான ஓவர்லீஃபின் இலவசக் கணக்கில் ஓட்டும் நேரத்துக்கு வரம்பு உண்டு. படங்களோடு இருநூறு பக்கம் அதில் மூச்சுத் திணறும். லேட்டெக்கை முழுதாகத் தரும் டெக் லைவ் இலவசம்தான், சொந்தக் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒன்றரை இடைவெளி விட்டுத்தான் கொடுத்தேன். ‘இடைவெளி குறைவாக இருக்கிறது, வேர்டில் செய்து கொண்டு வாருங்கள்’ என்று ஆராய்ச்சிப் பிரிவில் திருப்பிவிட்டார்கள். என் தவறு என்ன? (ஆய்வாளர், திருச்சி)

உங்கள் மேலும் தவறில்லை, அங்கே இருப்பவர் மேலும் இல்லை. இரண்டு மென்பொருளும் ‘ஒன்றரை’ என்பதை வேறு வேறு மாதிரி கணக்கிடுகின்றன. 12 புள்ளி (எழுத்தளவு அலகான ‘பாயின்ட்’) எழுத்தில் லேட்டெக்கின் ‘செட்ஸ்பேஸ்’ தொகுப்பு (கூடுதல் வசதி தரும் துணைக் கோப்பு), எழுத்தின் அளவையே ஒன்றரை மடங்காக்கி, வரிக்கு வரி 18 புள்ளி விடுகிறது. வேர்டோ அந்த எழுத்துருவின் இயல்பான வரி உயரத்தை எடுத்து அதை ஒன்றரை மடங்காக்குகிறது. டைம்ஸ் நியூ ரோமனுக்கு அந்த உயரம் ஏறத்தாழ 13.8 புள்ளி, ஒன்றரை மடங்கு 20.7. வரிக்கு கிட்டத்தட்ட 3 புள்ளி வித்தியாசம், பக்கத்துக்கு நாலைந்து வரி கூடுதலாகிவிடும். வேர்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உங்கள் பக்கம் நெருக்கமாகத்தான் தெரியும். அந்தத் தொகுப்பின் ‘ஒன்ஹாஃப்ஸ்பேசிங்’ கட்டளையை எடுத்துவிட்டு ‘செட்ஸ்ட்ரெச்’ என்பதில் 1.43 கொடுங்கள், வேர்டோடு ஒத்துப்போகும். ஓரங்களை ‘ஜியோமெட்ரி’ தொகுப்பில் மில்லிமீட்டரில் எழுதுங்கள். அச்செடுக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தெரிவை மறக்காமல் அணையுங்கள். அது இருந்தால் பக்கமே சில விழுக்காடு சுருங்கி, ஸ்கேல் வைத்து அளந்தால் இடம் தவறும்.

கேள்வி: தமிழிலக்கியத்தில் ஆய்வு. லேட்டெக் எல்லாம் அறிவியல்காரர்களுக்குத்தான் என்கிறார்கள். தமிழில் முழு ஆய்வேட்டையும் அதில் செய்யமுடியுமா? (ஆய்வு மாணவர், மதுரை)

முடியும், முடியவேண்டும், இதைக் கேட்டதற்கே உங்களுக்கு நன்றி. தமிழ்த்துறை மாணவர்கள்தான் இன்னமும் டிடிபி சென்டர் வாசலில் பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கொடுத்துக் காத்திருக்கிறார்கள், ஒரு திருத்தத்துக்கு மூன்று நாள் போகிறது. அந்த நிலை போகவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

லேட்டெக்கின் பழைய வடிவமான பிடிஎஃப்லேட்டெக்கில் முயன்றுவிட்டு ‘வரவில்லை’ என்று விட்டவர்கள் நிறையப் பேர். யூனிகோடு தமிழுக்கு அது ஆகாது. 2004-ல் ஜொனாதன் கியூ வெளியிட்ட ஸீடெக் வந்த பிறகு கதை மாறிவிட்டது: கணினியில் இருக்கும் எந்த ஓப்பன்டைப் (இன்று பரவலாக உள்ள எழுத்துரு வகை) எழுத்துருவையும் அது நேராக எடுத்துக்கொள்ளும், கொம்பும் காலும் அதது இடத்தில் நிற்கும். ஓவர்லீஃபில் என்றால் ‘கம்பைலர்’ என்ற இடத்தில் ஸீலேட்டெக்கைத் (ஸீடெக்கில் ஓடும் லேட்டெக்) தேர்ந்தெடுங்கள். ‘பாலிகிளாசியா’ தொகுப்பில் முதன்மை மொழி தமிழ் என்று சொல்லுங்கள். ‘ஃபான்ட்ஸ்பெக்’ வழியாக நோட்டோ செரிஃப் தமிழ் போல ஒரு எழுத்துருவைக் கொடுக்கும்போது ஸ்கிரிப்ட் தமிழ் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுத்தான் பலர் ‘கொ’ உடைகிறது என்று புலம்புகிறார்கள். லுவாலேட்டெக் என்ற இன்னொரு வடிவத்தைப் பயன்படுத்துகிறவர்கள் ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்பதையும் கொடுக்கவேண்டும். இயல் தலைப்பில் ‘அத்தியாயம்’ வேண்டாம், ‘இயல்’ வேண்டும் என்றால் ‘சாப்டர்நேம்’ என்பதை ஒரே வரியில் மாற்றிவிடலாம்.

இரண்டு இடத்தில் கால் இடறும். முதலாவது, எழுத்துருவில் இல்லாத எழுத்து. தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் ஆங்கில எழுத்தோ, சில சிறப்புக் குறிகளோ இருக்காது. அப்படி ஒன்று வந்தால் லேட்டெக் நிற்காது, சிவப்பில் எச்சரிக்காது, அந்த எழுத்தை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ‘மிஸ்ஸிங் கேரக்டர்’ என்று, ஓட்டும்போது நடந்தவற்றைக் குறித்துவைக்கும் லாக் கோப்பில் ஒரு வரி எழுதி வைக்கும். எனக்குத் தெரிந்த ஒருவரின் ஆய்வேட்டில் அடிக்குறிப்பில் வந்த ஆங்கில நூல் தலைப்புகள் முழுதும் வெற்றிடமாக அச்சாகி, பைண்டிங்கும் முடிந்த பிறகுதான் தெரிந்தது. அவர் அன்று உட்கார்ந்திருந்த நிலை என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஒவ்வொரு இயல் முடிந்ததும் லாக் கோப்பில் அந்தச் சொல்லைத் தேடுங்கள். எழுத்துருவைத் தானாக மாற்றிக்கொள்ள ஸீலேட்டெக்கில் ‘யூகார்கிளாசஸ்’ என்ற தொகுப்பு உதவும்.

இரண்டாவது, வரி முடிவு. நம் சொற்கள் நீளம். ‘கொண்டிருக்கிறார்களென்பதை’ என்று ஒரு சொல் வரிக் கடைசியில் வந்தால் எங்காவது உடைத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொள்ளும் அல்லது முந்தைய சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். மொழி தமிழ் என்று சொல்லியிருந்தால் சொல் உடைப்பு விதிகள் தாமே வந்துவிடும். ‘பட்/டம்’ என்றுதான் உடைக்குமே தவிர, புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரியைத் தொடங்காது. உடைத்த இடத்தில் சிறுகோடு வரும். தமிழ் அச்சில் கோடு போடாமல் உடைப்பதுதான் நமக்குப் பழக்கம் என்பதால் பலருக்கு அது உறுத்தும். ‘ஹைஃபன்சார்’ தெரிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியைக் கொடுத்தால் கோடு மறையும். அப்படியும் ஓரம் தாண்டும் வரிகளுக்கு ‘எமர்ஜென்சிஸ்ட்ரெச்’ என்பதில் ஓரிரு எம் (எழுத்தின் அளவைப் பொறுத்த நீள அலகு) கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி: படம் நான் வைத்த இடத்தில் நிற்பதில்லை, இரண்டு பக்கம் தள்ளிப் போகிறது. (வாசகர், சேலம்)

அதை விட்டுவிடுங்கள். ‘கீழே உள்ள படத்தில்’ என்று எழுதாமல் ‘படம் 4.2-இல்’ என்று எழுதினால் படம் எங்கே போனாலும் கவலையில்லை. அடுத்த பகுதிக்குள் நுழையக்கூடாது என்றால் மட்டும் ‘பிளேஸ்இன்ஸ்’ தொகுப்பின் ‘ஃப்ளோட்பேரியர்’ கட்டளையைப் போடுங்கள்.

கேள்வி: துணைநூற்பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் தாறுமாறாக வருகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் ‘க’ வரிசையில் போய் நிற்கிறது! (ஆய்வு மாணவி, சிதம்பரம்)

ஆசிரியர் பெயர் என்றால் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரிக்கத்தான் அந்த மென்பொருளுக்குத் தெரியும். கடைசிச் சொல்லைக் குடும்பப்பெயராக எடுத்துக்கொள்ளும். ‘கழகம்’ உங்கள் ஆசிரியரின் குடும்பப்பெயர் ஆகிவிட்டது. நிறுவனப் பெயர்களை இரட்டை நெளிவு அடைப்புக்குள் போடுங்கள், பிரிக்காது. மனிதர்களுக்கு ‘சாமிநாதையர், உ. வே.’ என்று காற்புள்ளி வைத்து எழுதுங்கள். தலைப்பெழுத்துகளுக்கு நடுவில் இடம் விடவேண்டும், ‘உ.வே.’ என்று ஒட்டி எழுதினால் முன்னெழுத்து மட்டும் காட்டும் பாணிகளில் ‘உ.’ மட்டும் மிஞ்சும்.

இன்னொன்றையும் பாருங்கள். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடு அட்டவணையில் நம் எழுத்துகள் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை. அங்கே ‘ந’-வுக்கு அடுத்து ‘ன’, ‘ர’-வுக்கு அடுத்து ‘ற’, ‘ல’-வுக்குப் பின் ‘ள’, ‘ழ’, அதற்கும் பிறகுதான் ‘வ’. வெறும் எண் வரிசைப்படி அடுக்கினால் ‘மழை’ என்று தொடங்கும் தலைப்பு ‘மவுனம்’ என்பதற்கு முன்னால் வந்துவிடும்; நெடுங்கணக்கில் ‘வ’-வுக்குப் பிறகுதானே ‘ழ’? துணைநூற்பட்டியல் போடும் பிப்லேட்டெக் தொகுப்பையும் அதை வரிசைப்படுத்தும் பைபர் நிரலையும் சேர்த்துப் பயன்படுத்தி, ‘சார்ட்லொகேல்’ தெரிவில் தமிழுக்கான குறியைக் கொடுங்கள். அப்படியும் ஒரு தமிழாசிரியர் கண்ணால் ஒரு தடவை பட்டியலை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: ஆய்வேடு முழுதும் டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்தார்கள். பிடிஎஃப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இதை அப்படியே சமர்ப்பிக்கக்கூடாதா? (ஆய்வாளர், திருநெல்வேலி)

வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். பாமினி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. அதில் ‘அம்மா’ என்று தெரிவது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகளாகத்தான் கிடக்கிறது. தமிழ் என்பது வெறும் தோற்றம். ஆய்வேடுகளைக் காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையத்தின் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏற்றுகிறார்கள். அங்கே உங்கள் பக்கங்களுக்குள் ஒருவர் தமிழ்ச் சொல்லைத் தேடினால் ஒன்றும் அகப்படாது. பிறர் எழுத்தை எடுத்தாண்டிருக்கிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையின் கதியும் அதுதான். 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனையில்லை என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறை. ஆனால் சோதிக்கும் மென்பொருளின் கண்ணுக்கு உங்கள் ஆய்வேட்டில் தமிழே இல்லை, அது சொல்லும் எண்ணுக்கு என்ன பொருள்?

என் ஆய்வேடும் இப்படித்தான் ஒரு பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டது. பல வருடம் கழித்து ஒரு இயலை நூலாக்க எடுத்தபோது, அந்த எழுத்துருவும் என்னிடம் இல்லை, அடித்துக் கொடுத்த கடையும் மூடிவிட்டது. காகிதப் படியை வைத்துக்கொண்டு முதலிலிருந்து தட்டச்சு செய்தேன்.

உங்கள் மூலக் கோப்பு அந்த டிடிபி சென்டரில் இருக்கும், அது பெரிய விஷயம். முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள், பிடிஎஃப் மட்டும் போதாது. மாற்றி மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, இயல் இயலாகப் போட்டு எடுங்கள். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக நினைத்து மாற்றிவிடும், அவற்றை முன்பே தனியே எடுத்துவையுங்கள். மாற்றியபின் ‘கௌ’, ‘சௌ’ போன்றவற்றைப் பாருங்கள்: பழைய கோப்புகளில் ‘கௌதமன்’ என்பதை கொம்பு போட்ட ‘கெ’-யும் ‘ள’-வுமாகத்தான் பெரும்பாலும் அடித்திருப்பார்கள், பார்வைக்கு ஒன்று, கோப்பில் வேறு. ‘ஔவையார்’ என்பதும் அப்படியே ‘ஒ’, ‘ள’ என்று இருக்கும். அதற்காக ‘ஒள’ என்று வரும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மாற்றிவிடாதீர்கள். ‘ஒளி’, ‘ஒளிந்து’ எல்லாம் கெட்டுப்போகும். ஒவ்வொன்றாக நின்று பார்த்து மாற்றுங்கள். 200 பக்கத்துக்கு இரண்டு மாலைப்பொழுது போதும்.